துக்கச் செய்திக்குக் கீழே கேக் படம்

ஆசிரியருக்கு,

செட்டிநாட்டு ஊர்களில் இப்போது முன்னோரை வழிபடும் படைப்பு முதல் துக்கச் செய்தி வரை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருக்கும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் எங்கள் பங்காளிகள் குழுவில், ஓர் ஆச்சி காலமான செய்திக்குக் கீழேயே ஒருவர் பேரனின் பிறந்தநாள் கேக்கைப் போட்டார். அதற்கு வரிசையாகக் கைதட்டல். மேலே இருந்ததை யாரும் படிக்கவில்லை.

காலை வணக்கப் படங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிகள் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று தெரிவிக்கிற வழி அது. ஒரு நாள் வராவிட்டால் போன் போட்டு விசாரிக்கிறோம்.

சண்டைதான் தாங்க முடியவில்லை. கோயில் வரவு செலவைக் குழுவில் கேட்பது நியாயம். கேட்டவரின் அப்பச்சி (அப்பா) எந்தக் காலத்திலோ கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரியைப் பாக்கி வைத்தார் என்று பதில் போடுவது என்ன நியாயம்? இதையெல்லாம் கல்யாணமாகி வந்த மருமகளும் படிக்கிறார்.

உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது சரி. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? எவர் பதிவையும் நீக்கும் வசதி அவரிடம் இருக்கிறது. அறிவிப்புகளுக்கு மட்டும் அட்மின்கள் எழுதும் தனிக் குழு வைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

- ஒரு வாசகர், காரைக்குடி