எங்கள் மலைக்குப் போர் முடிந்தது 1996-இல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உலக வணிகம் பற்றிய சென்ற வாரக் கட்டுரையைப் படித்தேன். 1947-இல் 23 நாடுகள் சுங்கவரியைக் குறைக்கக் காட் (GATT) ஒப்பந்தம் போட்டதிலிருந்து சுங்கவரி இறங்கி, வணிகத்துக்குக் கதவு திறந்துவிட்டது என்கிறது. இயந்திரச் சாமான்களுக்கு அது சரி. காபிக்குப் பொருந்தாது. ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மூன்று தலைமுறையாகத் தோட்டம் வைத்திருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுக் காபி தேங்கியதால்தான் 1942-இல் காபிச் சட்டம் வந்தது. விளைந்ததை அரசின் காபி வாரியத்தின் 'பூலில்', அதாவது எல்லார் காபியையும் ஒன்றாகச் சேர்க்கும் பொதுத் தொகுப்பில், ஒப்படைத்துவிட வேண்டும், விற்பது அவர்கள் பாடு. போர் முடிந்தும் பூல் போகவில்லை. 1962-இல் சர்வதேசக் காபி ஒப்பந்தம் வந்து, எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று கோட்டா வைத்தது. லத்தீன் அமெரிக்கா கம்யூனிசத்தின் பக்கம் சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில் அமெரிக்காவே அதற்கு ஒத்துக்கொண்டது! கோட்டாவுக்கு வெளியே நம் காபியை ரூபாய்க் கணக்கில் வாங்கியது சோவியத் யூனியன்.

அப்பாவின் தகரப் பெட்டியில் பூல் ரசீதுகள் இன்னும் இருக்கின்றன. ஓர் அறுவடைக்குப் பணம் தவணை தவணையாக வரும். கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த வருஷப் பழமும் எடுத்து முடிந்திருக்கும். திட்டிக்கொண்டேதான் இருப்பார். ஆனால் விலை பாதாளத்துக்குப் போய் அவர் பார்த்ததில்லை.

அதை நான் பார்த்தேன். 1989 ஜூலையில் கோட்டா போனது, 1991-இல் சோவியத்தும் போனது. 1996-இல் பூலிலிருந்து எங்களுக்கு முழு விடுதலை. கொஞ்ச காலம் நல்ல விலைதான், மறுக்கவில்லை. பிறகு வியட்நாம் ரோபஸ்டா என்ற மலிவு ரகக் காபியைச் சந்தையில் கொட்டியது. 2001 கடைசியில் நியூயார்க் சந்தையில் உயர் ரகமான அராபிகாவே பவுண்டு 50 சென்ட்டுக்கும் கீழே. பறிகூலிக்கே கட்டாமல் ஒரு பகுதிப் பழத்தைச் செடியிலேயே விட்டோம். சில்வர் ஓக் நிழல் மரத்தில் ஏற்றிய மிளகுதான் அந்த வருஷம் சோறு போட்டது.

இப்போது என் மகன் களத்தில் பார்ச்மென்ட்டை (மேல்தோல் நீக்கி, ஓட்டோடு காயும் காபிக் கொட்டையை) கிளறிக்கொண்டே கைபேசியில் நியூயார்க் விலை பார்க்கிறான். வியாபாரி வருமுன்பே அவனுக்கு விலை தெரியும். தெரிந்து என்ன, ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துவிடுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடை விதிப்படி, அங்கே விற்கும் காபி காட்டை அழித்த நிலத்தில் விளைந்ததல்ல என்பதற்கு, விளைந்த நிலம் எது என்று வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டுமாம். எங்கள் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அடுத்த கட்டுரையில் இதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காபி விவசாயி,
நாகலூர், ஏற்காடு