வீட்டுக்கு வந்தபின் என்னைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புடையீர்,

எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கிய சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செய்த டொக்டருக்கும் வார்ட்டில் இருந்த நேர்ஸ்மாருக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் அதற்குப் பிறகு என்னை மேய்த்தவர்களுக்கு.

முதலில் உணவு ஆலோசகர் அக்காவுக்கு. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று சொல்லி அனுப்பிவிடாமல், வெள்ளவத்தை மார்க்கெட்டில் கிடைக்கிற சாமானிலேயே கணக்குப் போட்டுத் தந்தீர்கள். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில். "முதல்ல மீன், முட்டை. இடம் மிஞ்சினா மட்டும் பிட்டு" என்றீர்கள். யாழ்ப்பாணத்தார் வீட்டில் பிட்டைக் கடைசிக்குத் தள்ளுவது லேசுப்பட்ட காரியமா! சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் பொறுத்து மிடறு மிடறாகக் குடிக்கப் பழக்கியதும் நீங்கள்தான்.

காலி வீதி பாமசித் தம்பிக்கும் நன்றி. இரும்புச்சத்து மாத்திரைப் பெட்டியில் 'காலை', கல்சியத்தில் 'இரவு' என்று தமிழில் எழுதி ஒட்டினீர்கள். இரண்டும் சேர்ந்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராதாம். பிளேன் டீயோடும் கூடாதாம். என் நாரி நோவுக்கு என் கணவர் வழமையான நோவு மாத்திரையைக் கேட்டு வந்தபோது, "இரைப்பையில புண் வரும் அண்ணை, டொக்டரிட்டக் கேளுங்கோ" என்று வெறுங்கையோடு அனுப்பினீர்களே, அந்தக் கண்டிப்புக்குத் தனி நன்றி. வியாபாரத்தைப் பார்க்காத பாமசிக்காரர் கிடைப்பது பெரிய விஷயம்.

மூன்றாம் மாதம் தலைமயிர் கொத்தாக உதிர்ந்தது. சீப்பைப் பார்த்தாலே பயம். கிளினிக் மிஸ்தான், வேகமாக மெலிகிறபோது இப்படித்தான் கொட்டும், பிறகு முளைக்கும் என்று தேற்றினார். அதோடு விடாமல் இரத்தப் பரிசோதனைக்கும் கூப்பிட்டார். விற்றமின் பி12 குறைந்திருந்தது, ஊசி போட்டார்கள். தொடர்ந்து வாந்தி வந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார், இதுவரை தேவைப்படவில்லை.

அப்புறம் என் மாமி. "இன்னும் கொஞ்சம் போடட்டே" என்று கேட்காமல் யாரையும் மேசையிலிருந்து எழும்ப விடாதவர். எனக்கு மட்டும் தேநீர்க் கோப்பைத் தட்டில் பரிமாறினார். முள்ளெடுத்த பாரை மீனை முள்ளுக்கரண்டியால் மசித்து, சொதி விட்டு இளக்கி, பக்கத்தில் இருந்து நான் மென்று முடிக்கும்வரை பார்ப்பார். வற்புறுத்த வந்த சொந்தக்காரரை அவரே அதட்டி அடக்கினார்.

விற்றமின் மாத்திரையும் பரிசோதனையும் ஆயுளுக்கும் உண்டு என்பதால் உங்களை விடுவதாக இல்லை. அடுத்த கிளினிக்குக்கு மாமியும் வருகிறாராம். குரக்கன் பிட்டை ஏன் முதலில் சாப்பிடக்கூடாது என்று ஆலோசகர் அக்காவிடம் கேட்கவேண்டுமாம்.

நன்றியுடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மருமகள்