செயலாளரின் ஆண்டறிக்கை 2019/2020

தலைவர் அவர்களுக்கும், போஷகர் ஐயாவுக்கும், நிர்வாக சபையினருக்கும், முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு மீற்றர் தள்ளி அமர்ந்திருக்கும் நம் திருகோணமலை வாகன ஆர்வலர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம். மே மாதம் நடக்கவேண்டிய பொதுக்கூட்டம் ஊரடங்கினால் தள்ளிப்போனது. அதனால் இந்த அறிக்கை ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தைச் சொல்கிறது.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாம் சில மாதங்கள் கூடவில்லை. ஜூலையில் மீண்டும் தொடங்கி மார்ச் வரை மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. அதன்பின் எல்லாம் வட்ஸ்அப்பில்தான். செப்டெம்பரில் பழைய கார்களை இறக்கக்கண்டிப் பாலம் வரை ஓட்டிப்போனோம். சாம்பல்தீவைத் தாண்டியதும் ஒரு மொறிஸ் மைனர் கொதித்து நின்றது. அதற்குத் தண்ணீர் தேடியதில் ஒரு மணித்தியாலம் போனது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே சொல்லவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

சரி, இந்த ஆண்டு சங்கத்தில் அதிகம் பேசப்பட்ட விடயத்துக்கு வருகிறேன். அது ஒரு கார். நம்மில் ஒருவரும் இதுவரை தொட்டுப் பார்க்காத கார்.

2019 ஜூலை 18ஆம் திகதி இரவு, கலிபோர்னியாவின் டஸ்ரின் நகரில், செவர்லே நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ் காரான கொர்வெட்டின் எட்டாம் தலைமுறையைத் திரை விலக்கிக் காட்டியது. நமக்கு அது 19ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை. கடைக்காரர் சிலர் கடையைப் பிந்தித் திறப்பதாகச் சொல்லிவிட்டு என் வீட்டு மாடிக்கு வந்தார்கள். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் பச்சை நிறத்தை மட்டும் காட்டியது. கொடுத்தவரைத் தொலைபேசியில் பிடித்தால், “நேற்றுக் கலியாண வீட்டில் நல்லாத்தானே வேலை செய்தது” என்றார். கடைசியில் பதினைந்து பேரும் என் மகளின் மடிகணினியைச் சுற்றி நின்றுதான் பார்த்தோம். படம் நடுவில் உறைந்தபோதெல்லாம், உறைந்த படத்தை வைத்தே விவாதம் நடந்தது.

நிகழ்ச்சி நடந்த இடம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் வான்கப்பல்களை நிறுத்தக் கட்டிய பிரமாண்டமான மரக் கொட்டகை. அதைப் பார்த்ததும் போஷகர் ஐயா காரை விட்டுவிட்டு, அதே போரில் பயன்பட்ட சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்குப் போய்விட்டார். திருப்பிக் கூட்டிவரக் கால் மணித்தியாலம் எடுத்தது.

1953இல் முதல் கொர்வெட் வந்ததிலிருந்து அறுபத்தாறு வருடமாக அதன் என்ஜின் முன்னால்தான் இருந்தது. நீண்ட போனட்டும் குட்டையான பின்பக்கமும்தான் அந்தக் காரின் அடையாளம். இந்த முறை என்ஜினைத் தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். கொர்வெட்டின் தந்தை என்று பலரும் சொல்லும் பொறியியலாளர் சோரா ஆர்கஸ்-டன்ரொவ், 1960இலேயே நடு என்ஜின் வைத்த பரீட்சார்த்தக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டியவர். அவர் 1996இல் காலமானார். அஸ்தி கென்ரக்கி மாநிலத்தில் பௌலிங் கிறீனிலுள்ள கொர்வெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிய காரைக் கட்டும் தொழிற்சாலை இருப்பதும் அதே ஊரில்தான்.

அன்று காலை உறுப்பினர்கள் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதியபடியே தருகிறேன். “பெராரி மாதிரி இருக்கு.” “பெராரி மாதிரி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட மாதிரி இருக்கு.” “முன்பக்கம் சரி, பின்பக்கத்தில் ஆளுக்கொரு பக்கமாகக் கோடு போட்டிருக்கிறான்கள்.” “ஸ்ரியறிங் ஏன் சதுரம்?” துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறுப்பினர், “கொர்வெட் என்றால் கப்பல், காருக்கு ஏன் அந்தப் பெயர்?” என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். சிறிய, விரைவான போர்க்கப்பலின் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள். இதைத் தேடப் போய் எனக்கு வேறொன்று அகப்பட்டது. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் ‘ட்ரிங்கோமலி’. நம் ஊரின் பெயர்தான். 1840களில் பீரங்கிகளைக் குறைத்து அதைக் கொர்வெட் வகையாக மாற்றினார்கள். இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் அது காட்சிக்கு நிற்கிறது. ஆகவே ‘திருகோணமலை கொர்வெட்’ என்று ஒன்று ஏற்கெனவே உண்டு என்பதைச் சபைக்கு அறியத்தருகிறேன்.

விலை 60,000 டொலருக்குள் தொடங்கும் என்று அறிவித்தபோது எல்லோரும் ஒரு கணம் பேசாமல் நின்றோம். அன்றைய மாற்று வீதத்தில் ஒரு கோடி ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். அதே அமைப்புள்ள இத்தாலியக் காரோடு ஒப்பிட்டால் அது மலிவு என்பதுதான் ஆச்சரியம். 6.2 லீற்றர் என்ஜினுக்கு நம் சுங்கம் என்ன வரி போடும் என்று பார்க்கப் பொருளாளர் ஒரு தாளை எடுத்தார். இரண்டு வரி எழுதினார். பிறகு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஓகஸ்ட் கூட்டத்தில்தான் உண்மையான சண்டை வந்தது. ஓட்டோ வைத்திருக்கும் தம்பி எழுந்து, “என்ஜின் பின்னால் இருப்பதில் என்ன புதினம்? என் ஓட்டோவிலும் பின்னால்தானே இருக்கு” என்றார். லைற்ஏஸ் வான் ஓட்டும் அண்ணர், “என்ரை சீற்றுக்குக் கீழேயே இருக்கு, கந்தளாய் தாண்டும்போது எனக்குத்தான் தெரியும் சூடு” என்றார். பின் அச்சுக்கும் பின்னால் என்ஜின் உள்ள பழைய வொக்ஸ்வாகன் பீற்றில் வைத்திருப்பவர் தன்னைத்தான் எல்லோரும் கேட்கவேண்டும் என்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த மூன்றும் மூன்று விதம், கொர்வெட் நாலாவது விதம் என்று நான் சொன்னதை ஒருவரும் ஏற்கவில்லை. அப்போது மீன் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் பேசினார். அவர் பேச்சு இப்படித்தான் போனது: “ஐஸோடு மீன் பெட்டியைப் பின்சில்லுக்கும் பின்னால் தள்ளிக் கட்டினால் மோட்டார் சைக்கிளின் முன்சில்லு நிலத்தில் நிற்காது, ஹாண்டில் காற்றாடும். கொஞ்சம் முன்னுக்கு இழுத்து, நான் இருக்கிற இடத்தோடு ஒட்டிக் கட்டினால் பிரச்சினை இல்லை. பீற்றில் தள்ளிக் கட்டின பெட்டி. இந்தக் கார் இழுத்துக் கட்டின பெட்டி.” அரை மணித்தியாலமாக நான் திணறியதை அவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்.

ஆனாலும் ஓட்டோத் தம்பி விடவில்லை. என்ஜினை நடுவில் வைத்தால் திரும்புவதில் என்ன வித்தியாசம் என்று கண்ணால் காட்டச் சொன்னார். அடுத்த ஞாயிறு உப்புவெளிக் கடற்கரையில் காட்டினோம். வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறுப்பினர் ஒருவர் பத்துக் கிலோ அளவில் இரண்டு மணல் மூட்டைகள் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு நீள மூங்கிலின் இரண்டு நுனியிலும் மூட்டைகளைத் தொங்கவிட்டு, காவுதடியாகத் தம்பியின் தோளில் ஏற்றினோம். விசில் அடித்ததும் திரும்பி நிற்கவேண்டும். விசில் அடித்தது. தம்பி திரும்பினார், மூங்கில் முதலில் வரவில்லை. பிறகு வந்தது, வந்தது நிற்கவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பொருளாளரின் முழங்காலில் முட்டியது. அடுத்ததாக இரண்டு மூட்டையையும் தோளுக்கு அருகே நகர்த்திக் கட்டினோம். அதே எடை, அதே மூங்கில். இந்த முறை விசில் ஓயமுன் திரும்பிவிட்டார். திரும்பின வேகத்தில் கால் பின்னி மணலில் விழுந்தும்விட்டார்.

விழுந்ததும் பாடத்தில் சேர்த்திதான். எடை நடுவில் இருந்தால் வண்டி சொன்னவுடன் திரும்பும், திரும்புவதை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்தும். ஆனால் பிடி விட்டுப்போனால் சுழல்வதும் அவ்வளவு சடுதியாகத்தான் நடக்கும், திருத்தி எடுக்க நேரம் கிடைக்காது. எடையில் ஏறத்தாழ 60 வீதம் பின்சில்லுகளில் இருப்பதால் புறப்படும்போது ரயர் நிலத்தை விடாமல் பிடிக்கிறது. நிற்கும் நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்துக்கு, அதற்கென்று தனியாக விற்கும் பாகங்களின் பொதியோடு வாங்கினால், 3 செக்கனுக்குள் போகிறது. என்ஜினின் வலு 490 குதிரைச்சக்தி, தனி சைலன்சர் போட்டால் 495. முன்னால் என்ஜின் இல்லாததால் ஓட்டுநரின் இருக்கையை முந்திய காரைவிட 42 சென்ரிமீற்றர் அளவு முன்னுக்குத் தள்ள முடிந்திருக்கிறது. கிட்டத்தட்ட முன்சில்லுகளோடு சேர்ந்து உட்காருகிறார். “அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் ஸ்போர்ட்ஸ் கார்தானே ஓட்டியிருக்கிறம்” என்றார் லைற்ஏஸ் அண்ணர். குறிப்பில் பதிந்திருக்கிறேன்.

கராச் வைத்திருக்கும் உறுப்பினருக்கு வேறு கவலை. உயர்ந்த விலைக் கார்களில் வால்வுகளை மேலே நாலு கேம் ஷாப்ற் போட்டு ஓட்டும் காலத்தில், இந்த எட்டுச் சிலிண்டரில் இன்னும் நடுவில் ஒரே கேம் ஷாப்ற், அதிலிருந்து வால்வுக்குத் தள்ளும் கம்பியான புஷ்ரொட், சிலிண்டருக்கு இரண்டு வால்வு. “மொறிஸ் மைனருக்கும் இதுக்கும் சாதி ஒன்றுதான்” என்று சந்தோசப்பட்டார். அப்புறம் கியர் விபரம் வந்ததும் முகம் வாடியது. கொர்வெட்டில் கையால் கியர் போடும் வசதி இந்தத் தலைமுறையில் இல்லை. எட்டுக் கியரும் இரட்டைக் கிளச்சில். ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளச், இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளச். ஒரு பஸ் புறப்படமுன் அடுத்த பஸ் தரிப்பில் வந்து நிற்பதுபோல, மூன்றாம் கியரில் ஓடும்போதே நான்காவது பூட்டிக்கொண்டு காத்திருக்கும். வேகம் என்று பார்த்தால் மனிதக் கை இதோடு போட்டிபோட முடியாது. இடது கால் வேலையில்லாமல் கிடக்கும் காரை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லலாமா என்று வாக்கெடுத்தோம். சமமாக விழுந்தது. தலைவர் தன் வாக்கைப் போட மறுத்துவிட்டார். எனக்கு அதில் வருத்தம். நான் கைக் கியர்க்காரன்.

எல்லோருக்கும் ஒருமனதாகப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. மேலதிகப் பணம் கொடுத்தால் வரும் முன்பக்கத் தூக்கி. விசையை அழுத்தினால் மூன்று செக்கனுக்குள் காரின் மூக்கு 40 மில்லிமீற்றர் உயரும். வேகத்தடை, மேடான வாசல் எதுவென்றாலும் ஓர் இடத்தில் ஒரு தடவை உயர்த்தினால் செய்மதி வழிகாட்டியில் அந்த இடத்தை நினைவில் வைத்து அடுத்த முறை தானாகவே உயர்த்தும். 1,000 இடங்கள் வரை அதற்கு நினைவிருக்கும். நம் நகரசபை எல்லைக்குள்ளேயே அந்த ஆயிரமும் முடிந்துவிடாதா என்று ஒருவர் கேட்டார். டிக்கி என்ஜினுக்கும் பின்னால் இருக்கிறது, இரண்டு கோல்ப் பைகள் வைக்கலாமாம். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் மீன் வைக்கலாமா என்ற கேள்விக்கு நிறுவனத்தின் அறிக்கைகளில் பதில் இல்லை.

நேரில் பார்த்த ஒரே சாட்சி பொருளாளரின் மருமகன். பெப்ரவரியில் கனடாவில் ஒரு கண்காட்சியில் உள்ளே ஏறி அமர்ந்து வீடியோ எடுத்து அனுப்பினார். ஆள் ஆறடி, தலை முட்டவில்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஏசி விசைகள் மதில்போல ஒரே வரிசையாக இறங்குகின்றன. பக்கத்தில் இருப்பவரோடு எட்டிப் பேசவேண்டும் போலிருக்கிறது என்றார். பொருளாளரின் மகளுக்கு அந்த மதில் பிடித்துக்கொண்டதாம், ஓட்டும்போது கணவர் பாட்டை மாற்ற முடியாது. படத்தில் பார்த்துத் திட்டிய சதுர ஸ்ரியறிங், கையில் பிடித்தால் மீற்றர் முழுவதும் தெரிவதால் சரியாகத்தான் இருக்கிறதாம். பின்பக்கக் கோடுகளைப் பற்றி அவரும் நம் கட்சிதான்.

வலது கை ஓட்டத்துக்கும் தொழிற்சாலையிலேயே கட்டித் தருவோம் என்று அறிவித்த முதல் கொர்வெட் இது என்பதால் நம்மில் சிலர் ஆசையை வளர்த்துக்கொண்டார்கள். அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் உற்பத்தி பிந்தி, 2020 பெப்ரவரியில்தான் தொடங்கியது. மார்ச்சில் கொரோனாவால் தொழிற்சாலை மூடப்பட்டது. அதே மார்ச்சில் இங்கே ஊரடங்கு வந்தது, வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. பொருளாளரின் அந்தத் தாள் இன்னும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

ஊரடங்குக் காலத்தில் கராச் உறுப்பினர் அனுமதிப்பத்திரம் எடுத்துப்போய் மூன்று உறுப்பினர்களின் வாகனங்களுக்கு பற்றரி மாற்றிக் கொடுத்தார். அதற்குச் சங்கம் நன்றி சொல்கிறது. புதிய நிர்வாகத் தெரிவு தேநீருக்குப் பிறகு நடக்கும். செயலாளர் பதவிக்கு யாராவது முன்வந்தால் நான் தடையாக இருக்கமாட்டேன்.

கடைசியாக ஓர் அறிவித்தல். உப்புவெளியில் பாவித்த மூங்கிலும் இரண்டு மணல் மூட்டைகளும் இன்னும் என் கராச்சில், மைனரின் முன்சில்லில் சாய்த்தபடி கிடக்கின்றன. வீட்டு வேலை பூச்சுக்கு வந்துவிட்டதாகக் கேள்வி. உரியவர் இந்தக் கிழமைக்குள் வந்து எடுத்துச்செல்லவும்.

செயலாளர்,
திருகோணமலை.