தடிமன் வேண்டாம், அகலம் போதும்

அன்புள்ள நண்பா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்கால் தேவலையா?

வில் உடைந்ததாக எழுதியிருந்தாய். அதைவிட, அடுத்ததை 'இன்னும் கடினமான மரத்தில், இன்னும் தடிமனாக' செய்யப்போகிறேன் என்றாயே, அதுதான் என்னைப் பதறவைத்தது. வில் என்ன, பாரம் தாங்கும் தூணா?

தடிமனை இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகிவிடும். அகலத்தை இரட்டித்தால் 2 மடங்குதான். அதோடு, அதே அளவு வளைக்கும்போது தடித்த வில்லின் மேற்பரப்பு நார்கள் இரு மடங்கு இழுபடும், இரு மடங்கு நசுங்கும். மரம் தோற்பது அங்கேதான். அதனால் வில்லுக்குக் கடினம் மட்டும் போதாது. நன்றாக வளைந்து, முழுசாகத் திரும்பி வர வேண்டும்.

மரம் நார்வாக்கில் இழுப்பைத் தாங்குகிற அளவு அமுக்கத்தைத் தாங்காது. எனவே முதலில் அடிபடுவது பெரும்பாலும் நம்மைப் பார்க்கும் உட்பக்கம். நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கிறதே, அது அந்த நார்கள் நசுங்கியதன் அடையாளம். ஐரோப்பாவில் வளரும் யூ என்ற ஊசியிலை மரம் இதற்கு இயற்கையாகவே விடை வைத்திருக்கிறது: வெளிப்புற வெள்ளை மரம் இழுப்புக்கு, உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த நடுமரம் அமுக்கத்துக்கு. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த விற்கள் யூ மரத்தில் செய்தவைதான். எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது! யூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆஷ், எல்ம் போன்ற மரங்களை அகலமாகவும் மெல்லியதாகவும் இழைத்தால் அருமையான வில் கிடைக்கும்.

உடைந்த துண்டை எறிந்துவிடாதே. வெளிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்ந்திருந்தால், ஆண்டு வளையம் எங்கோ வெட்டுப்பட்டிருக்கும், அல்லது நார் சாய்ந்து ஓரத்தில் வெளியேறியிருக்கும். வில்லின் முதுகில், அதாவது அந்த வெளிப்பக்கத்தில், முனைக்கு முனை ஒரே வளையம் ஓட வேண்டும். கணு வந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் மரம் விட்டுவிடு. உட்பக்கத்தில் குறுக்கே மெல்லிய சுருக்கங்கள் தெரிந்தால், அமுக்கம்தான் காரணம். ஈரத்தையும் பார்: 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஈர மரம் வளைந்தபடியே தங்கிவிடும், ரொம்பக் காய்ந்தது பட்டென்று உடையும்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. முழுதாக இழுத்த நிலையில் உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் பாயும். புது வில்லை உன் மகளுக்கும் கொடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். ஒரேயடியாகக் கடைசி வரை இழுத்துப் பார்க்காதே. கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்துப் பார்த்து ராவு.

துண்டின் இரு பக்கத்தையும், வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்களையும் படம் எடுத்து அனுப்பு. அதுவரை புது மரத்தில் ரம்பம் வைக்காதே.

அன்புடன்,
உன் பழைய தோழன்