காரில் உடன் வந்தவளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எனக்கு வழங்கிய தொகை வங்கிக்கு வந்துவிட்டது. வழக்கு முடியும்வரை சாட்சிகளைப் பற்றி வெளியில் பேச வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். இனிமேல் பேசலாம். யார் பெயரையும் நான் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு. விடிவதற்கு முந்தைய இருட்டில், பின்விளக்கும் இல்லாமல், எச்சரிக்கைப் பலகையும் வைக்காமல் சாலையிலேயே நிறுத்தப்பட்டிருந்த லாரியின் பின்புறத்தில் நாங்கள் திருமணத்துக்குப் போன பக்கத்து வீட்டு அண்ணனின் காரின் இடப்பக்கம் மோதியது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர் நீங்கள். சிக்கியிருந்த என் காலைப் பிடித்து இழுக்கப் போனவர்களைத் தடுத்து, 108 வரும்வரை யாரும் அசைக்கக் கூடாது என்று நின்றீர்கள். அந்தக் கால் இன்று என்னோடு இருப்பதில் உங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அறுவை சிகிச்சை செய்த மருத்துவரே சொன்னார். லாரியை நகர்த்திவிடாமல் பார்த்துக்கொண்டதும், அது நின்ற இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்ததும் நீங்கள்தான். விபத்தில் உதவியவரைச் சாட்சி சொல்லும்படி யாரும் வற்புறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் அந்தப் பாதுகாப்பைத் தருகின்றன. அது தெரிந்தும், கடையை மூடிவிட்டு நீதிமன்றத்துக்கு வந்து கண்டதைச் சொன்னீர்கள். ஒரு நாள் கடை மூடினால் என்ன இழப்பு என்பது தையல் கடை நடத்தும் எனக்குத் தெரியும் அண்ணே.

அக்கா மகளே, உனக்கும் நன்றி சொல்ல வேண்டும். புறப்படும்போதே பின் இருக்கையின் உறையைத் தூக்கி, அதற்கடியில் புதைந்து கிடந்த சீட் பெல்ட் கொக்கிகளைத் தேடி எடுத்து, எங்கள் எல்லோருக்கும் நீதான் மாட்டிவிட்டாய். நம் ஊரில் எத்தனையோ கார்களில் அந்தக் கொக்கிகள் உறைக்கு அடியில்தான் கிடக்கின்றன. பின்னால் உட்கார்பவர்களுக்குப் பெல்ட் தேவையில்லை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபோது பின் இருக்கையில்தான் இருந்தார், பெல்ட் அணிந்திருக்கவில்லை. பெல்ட் போடாத பயணிக்காக 1,000 ரூபாய் அபராதம் இருப்பதையெல்லாம் நீ அன்று பேசவில்லை. 'போட்டால்தான் வண்டி கிளம்பும்' என்றாய். உன் பாட்டி நெஞ்சில் கன்றிய தழும்போடு பிழைத்தார். முன் இருக்கை பின்னால் நெருக்கியதில் என் இடது முழங்கால் நொறுங்கியது. உயிரிழப்பு எதுவும் நேரவில்லை.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கு என் வணக்கம். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. இழப்பீட்டில் பங்கு தந்தால் வழக்கு நடத்தித் தருகிறோம் என்று வார்டில் வந்து கையெழுத்து வாங்கப் பார்த்த தரகரை விரட்டியடித்த மூத்த செவிலியர் அம்மாவை நான் மறக்க மாட்டேன். வரும் தொகையில் பங்கு கேட்டு வழக்கறிஞர் வழக்கு நடத்துவதைப் பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் அடங்கிய படிவம் 2-ஐக் கட்டிலருகே உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டிய காவலருக்கும் நன்றி. வலியில் கிடப்பவரிடம் ஒரு தாளை நீட்டிவிட்டுப் போவது எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை.

இனி, கார் ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கு. உங்களுக்கு எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

லாரியின் காப்பீடு காலாவதியாகியிருந்தது. அப்படியானால் இழப்பீட்டை யாரிடம் கேட்பது என்று வீட்டில் எல்லோரும் வாயடைத்திருந்தோம். உங்கள் காரின் பெயரில் மனு போடலாம் என்று வழக்கறிஞர் சொன்னபோது நான் மறுத்துவிட்டேன். திருமணத்துக்கு அன்போடு அழைத்துப் போனவர்மீதே வழக்கா என்று மனம் ஒப்பவில்லை. விவரம் தெரிந்து நீங்களே வீட்டுக்கு வந்தீர்கள். 'என்னையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடு தங்கச்சி. வருடா வருடம் நான் பிரீமியம் கட்டியது எதற்கு?' என்று கேட்டீர்கள். நீதிமன்றத்தில் கூண்டில் நின்று, இருட்டில் வந்த வேகம் கொஞ்சம் அதிகம்தான் என்று மறைக்காமல் சொன்னீர்கள். அக்கம்பக்கத்தில் அதை வேறு மாதிரி பேசியவர்கள் உண்டு. உங்கள் மனைவியும் நீங்களும் அதைப் பொறுத்துக்கொண்டீர்கள். அண்ணியின் கையைப் பிடித்து ஒருநாள் அழுதேன். எழுத்தில் இன்றுதான் சொல்கிறேன்.

நீங்கள் எடுத்திருந்தது பேக்கேஜ் பாலிசி, அதாவது மூன்றாம் நபர் காப்பீட்டோடு காரின் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்த சொந்தக் காரில், கட்டணமின்றி உடன் வருபவருக்கு அந்தக் காரின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. உரிமையாளர் தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் இருப்பவர்களும் அடக்கம் என்று 2009இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தெளிவுபடுத்தியது. 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்தச் சுற்றறிக்கையை எடுத்துக்காட்டி அதையே சொன்னது. கார் வாங்கும்போது வண்ணத்தை விசாரிக்கிறோம், மைலேஜை விசாரிக்கிறோம். ஏறி உட்காரும் சொந்தபந்தங்களுக்குப் பாலிசியில் இடமிருக்கிறதா என்று விசாரிப்பவர் எத்தனை பேர்? நீங்கள் விசாரித்திருந்தீர்கள்.

வழக்கறிஞர் அம்மாவுக்கு நன்றி சொல்ல ஒரு பத்தி போதாது. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கெடுவை நினைவில் வைத்து, நான் ஊன்றுகோலோடு இருந்தபோதே மனுவைத் தாக்கல் செய்தீர்கள். குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம் என்பதால் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கே வந்தால் போதும் என்று அலைச்சலைக் குறைத்தீர்கள். லாரிமீது பாதி, கார்மீது பாதி என்று தவறைப் பிரித்து, பாதித் தொகைதான் தருவோம் என்று காப்பீட்டுத் தரப்பு வாதிட்டது. வண்டியை ஓட்டாமல் பின்னால் உட்கார்ந்து வந்தவளிடம் ஏது தவறு, இருவரில் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி வாதாடினீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் குறைந்த தொகை பேசப்பட்டபோது, ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் எனக்கு உரிமை இருக்கிறது என்று விளக்கிவிட்டு முடிவை என்னிடமே விட்டீர்கள். மருத்துவக் குழு எழுதிய ஊன விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், தையல் இயந்திரத்தை மிதிக்கும் கால் இது என்பதை நீதிபதிக்குப் புரியவைத்தீர்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்கும் மிதித்துத் தைப்பவளுக்கும் அதே முழங்கால் தரும் இழப்பு ஒன்றல்லவே.

இயன்முறை மருத்துவர் தம்பிக்கும், ரவிக்கைகளை வேறு கடைக்குக் கொண்டுபோகாமல் மாதக்கணக்கில் காத்திருந்த என் வாடிக்கையாளப் பெண்களுக்கும் நன்றி. இப்போது மோட்டார் வைத்த இயந்திரம் வாங்கிவிட்டேன். வலது காலால் தைக்கிறேன். தீபாவளித் துணிகளைத் தயங்காமல் கொண்டுவாருங்கள்.

படிவம் 2-இன் நகலும் தீர்ப்பின் நகலும் கடையில் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். காரில் உடன் போய் அடிபட்டவர்களோ அவர்கள் வீட்டாரோ எங்கள் பக்கம் இருந்தால் வந்து பார்க்கலாம். எந்தத் தாளை எங்கே வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் கடை திறந்திருக்கும்.