விதை நெல் யாருடைய நெல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் அணிகளின் ஆட்டக்காரர் பரிமாற்றம் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டைத் தவிர வேறொரு விளையாட்டுக்கும் இவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால், 2025 ஜூலை 31 அன்று சான் டியாகோ பாட்ரேஸ் அணி மேசன் மில்லர் என்ற பிட்சரை (பந்து வீசுபவரை) பெறுவதற்காக லியோ டி வ்ரீஸ் என்ற பதினெட்டு வயது ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பாட்டக்காரரை) அத்லெட்டிக்ஸ் அணிக்குக் கொடுத்ததை, விதை நெல்லைக் குத்திச் சமைத்த கதை என்று கட்டுரையாளர் சொல்லியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க ரசிகர்களிலும் ஏராளமானோர் இதையேதான் சொன்னார்கள். அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் யாருடைய பக்கம் நின்று பேசுகிறது என்பதே என் கேள்வி.

பேஸ்பால் பார்க்காத வாசகர்களுக்காகச் சில விவரங்கள். ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஜூலை இறுதியை ஒட்டி வரும் கெடு நாளுக்குள், பட்டத்துக்கு வாய்ப்புள்ள அணிகள் தேர்ந்த ஆட்டக்காரர்களை வாங்கும். நம்பிக்கை இழந்த அணிகள் விற்கும். விலை பெரும்பாலும் பணமல்ல, மைனர் லீக் என்ற கீழ்நிலைப் போட்டிகளில் வளர்ந்துகொண்டிருக்கும் இளைஞர்கள். முன்பெல்லாம் ஆகஸ்ட் மாதத்திலும் ஒரு சுற்றுவழி இருந்தது. 2019 முதல் அதை அடைத்துவிட்டதால் ஜூலையின் கடைசி நாட்கள் சந்தை நாட்களாகிவிட்டன. இனி முக்கியமான விஷயம்: மேஜர் லீக் என்ற உச்சநிலைப் போட்டியில் காலெடுத்து வைக்கும் ஆட்டக்காரர், ஆறு ஆண்டுச் சேவை (அங்கே அணியில் இருக்கும் நாட்களின் கணக்கு) முடியும்வரை அந்த அணியை விட்டுத் தாமாக வெளியேற முடியாது. முதல் மூன்றாண்டுகள் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2025இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்றாண்டுகளில் நடுவர் மன்ற முறைப்படி சம்பளம் படிப்படியாக ஏறும். அதன் பிறகே அவர் சந்தையில் தமக்குரிய விலையைக் கேட்கலாம்.

ஆகவே, ஓர் இளைஞரின் 'மதிப்பு' என்று ரசிகர்கள் கணக்கிடுவது அவருடைய மட்டையடியையும் கைவேகத்தையும் மட்டுமல்ல. அவர் ஆடப்போகும் ஆட்டத்துக்குச் சந்தை கொடுத்திருக்கக்கூடிய தொகைக்கும், விதிகளின்படி அவருக்குக் கிடைக்கப்போகும் தொகைக்கும் உள்ள இடைவெளியே அந்த மதிப்பின் பெரும்பகுதி. அந்த மிச்சம் போய்ச் சேருவது ரசிகரின் பைக்கு அல்ல. சீட்டு விலையோ, அரங்கத்தில் விற்கும் பீர் விலையோ அதனால் ஒரு காசு குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சிகாகோ கப்ஸ் அணியின் கிறிஸ் பிரையன்ட்டே சாட்சி. 2015 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை) அடித்து எல்லாரையும் முந்திய அவரை, தடுப்பாட்டம் இன்னும் மெருகேற வேண்டும் என்று சொல்லி மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 17 அன்று மேலே அழைத்துக்கொண்டார்கள். ஓர் ஆண்டுச் சேவைக்கு 172 நாட்கள் வேண்டும். பருவ முடிவில் அவர் கணக்கில் இருந்தவை 171. அந்த ஒரு நாள் குறைந்ததால் கப்ஸ் அணிக்கு அவர்மேல் இன்னொரு முழு ஆண்டு உரிமை கிடைத்தது. அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமானார், அடுத்த ஆண்டு லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் பெற்றார். தம் சேவைக் கணக்கை எதிர்த்துத் தொடுத்த முறையீட்டில் மட்டும் 2020இல் தோற்றார். அப்படிப் பிடித்து வைத்த ஆண்டு 2021. அந்த ஆண்டின் கெடு நாளன்று கப்ஸ் நிர்வாகம் அவரை சான் பிரான்சிஸ்கோ அணிக்கு விற்று இரண்டு இளைஞர்களை வாங்கிக்கொண்டது. இருவருமே சிகாகோவில் நிலைக்கவில்லை. அவரைக் கீழே வைத்திருந்ததைப் புத்திசாலித்தனம் என்று 2015இல் மெச்சிய ரசிகர்கள் உண்டு. எதற்காக மெச்சினோம் என்று அவர்கள் பின்னால் யோசித்தார்களா, தெரியாது. 2022இல் கையெழுத்தான தொழிலாளர் ஒப்பந்தம், சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுவோருக்கு முழு ஆண்டுச் சேவையை வழங்கி, இந்தத் தந்திரத்தை ஓரளவு கட்டுப்படுத்தியிருக்கிறது.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று அதே சிகாகோவில், அதே 2021 கெடு நாளிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாவியர் பாயெஸை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து கப்ஸ் பெற்ற பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங், 2025இல் 31 ஹோம் ரன்களும் 35 தளத் திருட்டுகளும் (அடி விழாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வது) குவித்தார். அந்த அக்டோபரில் சான் டியாகோவை வெளியேற்றிய அணியிலும் அவர் இருந்தார். பாயெஸோ 2021 பருவம் முடிந்ததும் டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பருவத்தில் மெட்ஸ் பிளே-ஆஃபை எட்டவே இல்லை. இன்னும் பின்னால் போனால், 1990 ஆகஸ்ட் இறுதியில் லாரி ஆண்டர்சன் என்ற மூத்த பிட்சருக்காக பாஸ்டன் ரெட் சாக்ஸ் கொடுத்தனுப்பிய ஜெஃப் பாக்வெல், ஹூஸ்டனில் 449 ஹோம் ரன்கள் அடித்து ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் இடம் பிடித்தார். ஆண்டர்சன் பாஸ்டனுக்கு வீசியது 22 இன்னிங்ஸ். மாமூலாக இங்கேதான் எல்லாரும் நிறுத்திக்கொள்வார்கள். அந்த 22 இன்னிங்ஸையும் அவர் மிகச் சிறப்பாக வீசினார், பாஸ்டன் அந்த ஆண்டு தன் பிரிவில் முதலிடம் பெற்றது என்பதை யாரும் சொல்வதில்லை.

கொடுத்த இளைஞர் பின்னாளில் பெரிய ஆளானாரா என்பதை வைத்து மட்டும் ஒரு பரிமாற்றத்தைத் தீர்ப்பது எப்படித் தடம் மாற்றும் என்பதை வாஷிங்டன் நேஷனல்ஸ் காட்டுகிறது. 2019இல் கோப்பை வென்ற அந்த அணி, 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் என்ற தன் முன்மொழிவை ஹுவான் சோட்டோ மறுத்ததும், 2022 ஆகஸ்ட் 2 அன்று அவரை சான் டியாகோவுக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 23. பதிலுக்கு வந்தவர்களில் சி.ஜே. ஆப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் வுட் மூவருமே ஆல்-ஸ்டார் (ஆண்டுதோறும் நடக்கும் சிறந்தோர் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார்கள். இதைவிட நல்ல அறுவடை எந்த விற்பனைக்கும் வாய்ப்பது அரிது. இருந்தும், 2022 முதல் 2025 வரை நான்கு பருவங்களிலும் வாஷிங்டன் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். 2025 ஜூலையில் பொது மேலாளரையும் பயிற்சியாளரையும் ஒருசேர நீக்கினார்கள். சோட்டோ பிறகு மெட்ஸிடம் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் பெற்றார். அந்தத் தொகை நியாயமா என்று விவாதிக்கலாம். ஆனால் விதை நெல்லைச் சேர்த்துக்கொண்டே போவது மட்டும் விவசாயமாகிவிடாது. நிலத்தில் முதல் போட மனமில்லாதவருக்கு எத்தனை மூட்டை கொடுத்தும் பயனில்லை.

2016இல் கப்ஸ் அணி அரோல்டிஸ் சாப்மனுக்காக க்ளேபர் டோரஸ் உள்ளிட்ட நால்வரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. சாப்மன் எனக்கு உவப்பான ஆளல்லர். குடும்ப வன்முறைக் கொள்கையின் கீழ் 30 ஆட்டங்களுக்குத் தடை பெற்று அந்த ஆண்டுதான் திரும்பியிருந்தார். அது வேறு விவாதம். வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர் முன்னிலையைக் கோட்டைவிட்டார், மழை வந்து ஆட்டம் நின்றது, பத்தாவது இன்னிங்ஸில் கப்ஸ் 8-7 என்று வென்று 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது. டோரஸ் யாங்கீஸில் மட்டுமே இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார். சாப்மனும் ஒப்பந்தம் முடிந்து யாங்கீஸுக்கே திரும்பினார். இளம் ஆட்டக்காரர்களின் தரவரிசைக் கணக்குப்படி சிகாகோ ஏமாந்தது. அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டு கோப்பையைத் திருப்பித் தரச் சம்மதிக்கும் சிகாகோ ரசிகர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

சான் டியாகோ 1969இல் தொடங்கிய அணி. இரண்டு முறை இறுதிவரை போயும் கோப்பை இல்லை. 2025இல் அதன் அரங்கத்துக்கு 30 லட்சத்துக்கும் அதிகமானோர் பணம் கொடுத்து வந்தார்கள். அந்த மக்களிடம் இன்னும் ஐந்தாண்டு பொறுத்திருங்கள் என்று சொல்வது யாருக்கு வசதி என்று கட்டுரையாளர் கேட்டிருக்கலாம். ஆனால் இந்தப் பரிமாற்றத்தை ஆதரித்தவர்களும் அதே தராசைத்தான் பிடித்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. மணிக்கு 100 மைலைத் தாண்டி வீசும் மில்லரைப் பற்றி அவர்கள் முதலில் சொன்னது, அவர் 2029 வரை அணியின் கட்டுப்பாட்டில் இருப்பார் என்பதே. இரு தரப்புமே மலிவான ஆண்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தன.

இந்த எண்ணிக்கையில் ஆட்டக்காரருக்கு வாய் கிடையாது. நம் ஐபிஎல்லில் ஜடேஜாவும் சஞ்சு சாம்சனும் அணி மாறியபோது இருவரின் ஒப்புதலும் தேவைப்பட்டது. அமெரிக்காவில், ஒப்பந்தத்தில் தனி விதி இல்லாதவர், பத்தாண்டுச் சேவையும் அதில் கடைசி ஐந்தாண்டு ஒரே அணியிலும் இருந்தால்தான் மறுக்க முடியும். 2015 ஜூலை 29 அன்று மெட்ஸ் அரங்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, வில்மர் ஃபுளோரஸ் விற்கப்பட்டார் என்ற செய்தி கைப்பேசி வழியே பார்வையாளர்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் எழுந்து நின்று கைதட்டித்தான் அது அவருக்குத் தெரிந்தது. வெனிசுவேலாவிலிருந்து பதினாறு வயதில் வந்து அந்த ஓர் அணியை மட்டுமே அறிந்திருந்த அவர், தம் இடத்தில் நின்றபடி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தொலைக்காட்சி காட்டியது. அந்தப் பரிமாற்றம் கடைசியில் முறிந்தது. இரண்டு நாள் கழித்து அவரே ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை வென்று கொடுத்தார். டி வ்ரீஸுக்காக நாம் வருந்த வேண்டியதில்லை, 42 லட்சம் டாலர் பெற்று ஒப்பந்தமானவர் அவர். ஆனால் அவர் அப்போது ஆடிய, மைனர் லீக்கின் ஒரு படியான ஹை-ஏ நிலையில், 2023 ஒப்பந்தத்துக்கு முன் ஆட்டக்காரர்களின் ஆண்டுச் சம்பளம் 11,000 டாலராக இருந்தது. தொழிற்சங்கம் அமைந்த பிறகே 27,300 ஆயிற்று.

அடுத்த கெடு நாளைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, கைமாறும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் தரவரிசை எண்ணோடு, அவர் எத்தனை ஆண்டு கட்டுண்டிருக்கிறார், அந்த ஆண்டுகளுக்கு என்ன பெறுவார் என்பதையும், விற்கும் அணி அந்த ஆண்டு மொத்தச் சம்பளமாக எவ்வளவு செலவிடுகிறது என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த விவரங்கள் யாவும் அமெரிக்காவில் பொதுவெளியில் கிடைப்பவையே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்