நியூகாசிலில் நடந்தவர்கள்

அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் ‘சத்தியாக்கிரகா’வை மேடையேற்றும் ஓபரா அரங்குகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். காந்தியின் தென்னாப்பிரிக்க ஆண்டுகளைப் பாட்டாகவே சொல்லும் அந்த ஓபராவை அண்மையில் ஓர் அரங்கில் பார்த்தேன். இசையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைசியில் காந்தியாக நடிக்கும் டெனார் (உச்சக் குரல்) பாடகர் ஒரே ஆரோகணத்தைத் திரும்பத் திரும்ப, 30 தடவை பாடுகிறாரே, அது முடிந்தபோது எழுந்திருக்கவே மனம் வரவில்லை. என் குறை வாசலில் தந்த கையேட்டோடு. மூன்றாம் அங்கத்தில் வரும், தென்னாப்பிரிக்காவின் நியூகாசில் நடைப்பயணத்துக்கு அதில் ஒரே வரி: ‘இந்தியச் சுரங்கத் தொழிலாளர்கள்’ காந்தியுடன் நடந்தார்கள்.

வேறு ஓபராவாக இருந்தால் விட்டிருப்பேன். இங்கே பாடப்படுவதோ முழுக்கப் பகவத்கீதையின் சமஸ்கிருதம். எழுத்தாளர் கான்ஸ்டன்ஸ் டிஜாங்கும் கிளாஸும் தேர்ந்தெடுத்த அந்தச் சுலோகங்கள் மேடையில் நடப்பதைச் சொல்வதில்லை; வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். ஆகவே நடப்பவர்கள் யார், ஏன் நடக்கிறார்கள் என்று அறிய, பார்க்க வந்தவருக்கு உங்கள் கையேட்டை விட்டால் வழியில்லை.

டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் மூவரும் அங்கத்துக்கு ஒருவராக மேடையின் உயரத்தில் வாய் திறவாமல் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பத்தி பத்தியாக விளக்கம். நடந்தவர்களுக்கு ஒரு வரி!

நடந்தது இது. வேலை ஒப்பந்தம் முடிந்தும், நியூகாசில் இருக்கும் நேட்டால் பகுதியில் தங்கிய இந்தியக் கூலிகள் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும். 1913இல் பக்கத்து டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி வந்து, நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் பெண்கள். அப்படி வேலையை நிறுத்தியவர்கள்தான் காந்தியுடன் நடந்தார்கள். அழைத்த பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் தமிழர். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. அதற்காகச் சிறை சென்றார்கள். அதே போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16.

கிளாஸ் உழைப்பின் வலி அறியாதவரல்லர். குழாய் வேலை பார்த்தவர், நியூயார்க்கில் டாக்சி ஓட்டியவர். 1976இல் அவருடைய ‘ஐன்ஸ்டைன் ஆன் த பீச்’ மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கில் நிறைந்த கூட்டத்தோடு நடந்தது. மிஞ்சியது கடன், மறுபடி டாக்சிக்கே போனார். ராட்டர்டாம் நகரம் கேட்டு அவர் எழுதிய ‘சத்தியாக்கிரகா’ 1980இல் அரங்கேறியது. அதற்கும் முன்பு, பாரிசில் படிக்கும்போது ரவிசங்கரின் இசையைக் குறியீட்டில் எழுதித் தரும் வேலை செய்தார். சின்னச் சின்னக் கணக்குகள் கூடிக்கூடித் தாளம் வளர்வதை அங்கேதான் பிடித்துக்கொண்டார். மூன்றாம் அங்கத்தின் கால்கள் அந்தக் கணக்கில்தான் நடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்.

அடுத்த முறை கையேட்டில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். தமிழ்ப் பெயர்களின் எழுத்தைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் நானே வருகிறேன். கூலி வேண்டாம், ஒரு டிக்கெட் போதும்; மேல்தளத்தில் கடைசி வரிசையானாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ரசிகன்